புளியமரத்து மோகினிக்கு நான் போட்ட பதில்

மகள் செல்போனில் ஜப்பான் பொம்மைத் தொடர் பார்க்கிறாள். சீருடை போட்ட பேய் ஒன்று, கூடப் படிக்கும் பையனிடம் காதலைச் சொல்கிறது. என் கை தானாகப் போய்ப் புஜத்தைத் தடவியது.

எண்பத்து மூன்று, ஆம்பூர், பத்தாம் வகுப்பு. பாடப்புத்தகத்துக்குள் வாரப்பத்திரிகை வைத்துப் படித்த வசந்தாவை வாத்தியாரிடம் போட்டுக்கொடுத்தேன். வகுப்பே பார்க்க முட்டி போட்டாள். மறுவாரம், தோல் பதனிடும் ஷாப்பு நாற்றத்தையும் மீறித் தாழம்பூ மணக்க, என் பையில் ஒரு கடிதம்: 'நான் பள்ளிக்கூடத்துப் புளியமரத்து மோகினி. வெள்ளிக்கிழமை உன்னைக் கட்டிக்க வர்றேன்.'

எனக்கு ஜுரமே வந்துவிட்டது. தோஸ்த் இக்பால், கழிவுத் தோலில் தாயத்து தைத்துப் புஜத்தில் கட்டினான். "பேஜார் ஆவாதடா, பதில் போடு. போய்டும்."

எழுதி மரப்பொந்தில் வைத்தேன்: 'தாயே, விட்டுடு. எனக்கும் வசந்தாவுக்கும் பேசி முடிச்சாச்சு.' பயத்தில் அந்தப் பெயர்தான் வந்தது.

ஒளிந்து பார்த்தேன். மோகினியாக எழுதியதும், பொந்தில் கைவிட்டு என் பதிலை எடுத்ததும் வசந்தாவேதான். படித்தாள், சிவந்தாள். "இன்னாடா, எப்ப பேசி முடிச்ச?"

இப்போது பீரோ திறக்கும் சத்தம். என் மனைவி நான் போட்ட அதே பதில் கடிதத்தோடு வருகிறாள்.

"வசந்தா, பழி தீர்ந்துபோச்சே, விட்டுடேன்!"

"முட்டி போட்டது நானு. தீர்ந்துச்சான்னு நான்தான் சொல்லணும்." மகள் பக்கம் திரும்பினாள். "போன வைடி. இதப் படி, சத்தமா."