மூன்றாவது வாரம் ஆடிய பல்

திருமானூரிலிருந்து அரியலூர் வரும் பஸ்ஸில், டிரைவர் போட்ட திடீர் பிரேக்கில் முன்சீட்டுக் கம்பியில் மோதி என் முன்பல் ஒன்று போனது. நான் தமிழ் டீச்சர். ‘தந்தை’ என்று சொன்னால் காற்றுதான் வந்தது. எட்டாம் வகுப்பு சிரித்தது.

பெரம்பலூரில் ஒரு பல் டாக்டர் என் தாடை எலும்பில் டைட்டானியம் திருகாணியைப் பதித்து, நான்காம் நாளே அதன்மேல் பல்லை மாட்டிவிட்டார். “இனி எதுனாலும் கடிச்சுச் சாப்பிடலாங்க மேடம்.”

நம்பினேன். மூன்றாவது வாரம் கொய்யாக்காயைக் கடித்தபோது பல் ஆடியது. வலி காதுவரை ஏறியது. ஓடிப்போய்க் காட்டினால், முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார்: “உங்க எலும்பு வீக்குங்க. வயசாயிடுச்சுல்ல.”

எனக்கு நாற்பத்தாறு. அவமானத்தோடு எழுந்து வந்ததை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

அரியலூரில் வேறொரு பெண் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். “எலும்புல ஒரு குறையும் இல்லக்கா. பதிச்ச புதுசுல திருகாணியோட மரை எலும்பக் கவ்விப் பிடிச்சிருக்கும், அவ்வளவுதான். ரெண்டு மூணு வாரத்துல சுத்தியிருக்குற எலும்பு கொஞ்சம் கரையும். பொறவுதான் புது எலும்பு வளந்து ஒட்டும். அந்த நேரம் பார்த்துக் கொய்யாக்காய கடிச்சிருக்கீங்க.”

“எதுனாலும் கடிக்கலாம்னு அவருதாங்க சொன்னாரு!”

படித்த பெரம்பலூர் டாக்டருக்கு இது தெரியாதா? தெரிந்துகொண்டே என் எலும்பின்மேல் பழி போட்டிருக்கிறார்.

அரியலூர் டாக்டர் ஆடிய திருகாணியை எடுத்து, குழி ஆறக் காத்திருந்து, புதிதாக ஒன்றைப் பதித்து ஈறை மூடித் தைத்தார். நான்கு மாதம் கழற்றி மாட்டும் பல்லோடு பாடம் நடத்தினேன். பிறகு ஈறைத் திறந்து, கருவியின் பிடியால் திருகாணியைத் தட்டினார். ‘டிங்’ என்றது. “கேட்டீங்களாக்கா? எலும்பு கெட்டியா ஒட்டிக்கிச்சு.”

நிலையான பல்லை மாட்டிய மறுவாரமே எக்ஸ்ரேக்களோடு பெரம்பலூர் போனேன். வரவேற்பறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். டாக்டர் வெளியே வந்ததும் படங்களை நீட்டினேன்.

“என் எலும்பு வீக்குன்னீங்களே சார், இதைப் பாருங்க. அதே எலும்புதான், இப்ப கெட்டியா ஒட்டியிருக்கு.”

“உள்ள வந்து பேசலாங்க மேடம்.”

“வேணாங்க. இங்கயே சொல்லுங்க. நாலாம் நாளே எதுனாலும் கடிக்கலாம்னு சொன்னது சரியா?”

கன்னம் வீங்கிய ஒரு பெரியவர் எழுந்தார். “நேத்துதாங்க எனக்கும் பதிச்சாங்க. எத்தன நாளைக்குக் கடிக்கக் கூடாது சார்?”

டாக்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மூணு நாலு மாசம் ஆகுங்க.”

என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பெரியவர் மட்டும் பக்கத்திலிருந்த மகளிடம் சொன்னார்: “கேட்டுக்க. எனக்குக் கஞ்சிதான்.”