குழலுக்குள் கிடந்த மருந்து

எனக்குத் துப்பாக்கிப் பைத்தியம் பிடித்தது 2004-ல். நாற்பது வயதுக்கு மேல் பிடிக்கிற பைத்தியம் லேசில் விடாது. அண்ணாமலை நகரில் பல்கலைக்கழக அலுவலகத்தில் எனக்கு வேலை. உடன் வேலை பார்த்தவர்கள் மனை வாங்கிப் போட்டார்கள், பிள்ளைகளை இன்ஜினியரிங் சேர்த்தார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூர் பழைய நகரத்துக்கு பஸ் ஏறி, யார் வீட்டுப் பரணில் பழைய துப்பாக்கி கிடக்கிறது என்று விசாரித்துக்கொண்டு திரிந்தேன். அப்படித் திரிந்து, லைசென்ஸும் வாங்கி, நான்கு வருடத்தில் மூன்று சேர்த்தேன். மூன்றும் ஒரே வேட்டு ரகம். ஒரு முறை சுட்டால் மறுபடி ஆரம்பத்திலிருந்து எல்லாம் செய்ய வேண்டும். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது. நான் நிதானமானவன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

மூன்றில் மூத்தது குழல் வாய் வழியாக வெடிமருந்து போடுகிற ரைஃபிள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டில் கோணிக்குள் கிடந்தது. நூறு வயதுக்குக் குறையாது. டார்ச் அடித்துக் குழலுக்குள் பார்த்தால் வரிகள் திருகித் திருகி உள்ளே இறங்கும், ஒரு கீறல் கிடையாது. அதைப் பார்க்கும்போது எனக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்று வரவில்லை என்று மனைவியிடமே சொல்லியிருக்கிறேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

லைசென்ஸுக்குக் காரணம் வேண்டுமே. பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பொய்யில்லை. மனைவிக்குக் காடாம்புலியூரில் முந்திரிக்காடு பங்கு வந்திருந்தது. அதையொட்டிக் கொஞ்சம் மல்லாட்டை, நிலக்கடலைதான். அவள் தம்பிதான் எல்லாம் பார்த்துக்கொண்டான். மல்லாட்டை முற்றும் நேரத்தில் காட்டுப்பன்றி இறங்கி ஒரே விடியலில் கால் ஏக்கரைக் கிளறிப் போட்டுவிடும். சுடுவதற்குத் தனியாக அனுமதி வாங்கினோம். வேட்டை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் இத்தனை வருடத்தில் நான் அடித்தது ஒரே ஒரு பன்றி. அதுவும் ஏற்கெனவே நொண்டி.

மருந்து கெட்டிப்பது பெரிய வேலை. கரிமருந்தைக் கொட்டி, துணியில் சுற்றிய ஈயக்குண்டை வைத்து, நீளக் கம்பியால் அடிவரை இடித்து இறக்க வேண்டும். வெறும் குழல் என்றால் கம்பி முழுக்க உள்ளே போகும். கெட்டித்திருந்தால் நாலு விரல் வெளியே நிற்கும். கடைசியாகப் பின்பக்கத்து ஓட்டையின் மேல் பொட்டு வெடி மாதிரி ஒரு கேப் வைத்தால்தான் வெடிக்கும். கேப்பைக் கழற்றிவிட்டால் ஆபத்து குறைவு. ஆனால் மருந்து உள்ளேதான் இருக்கும். அதை எடுக்க இரண்டு வழி: சுட வேண்டும், இல்லை திருகாணி விட்டுக் குடைந்து எடுக்க வேண்டும்.

2011 மார்ச்சில் கெட்டித்து வைத்துக்கொண்டு இரண்டு விடியல் உட்கார்ந்தோம். பன்றி வரவில்லை. அதற்குள் தேர்தல் வந்துவிட்டது. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். சுட்டுக் காலி செய்துவிடலாம் என்று எழுந்தேன். மச்சான் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் மாமா. பன்னிக்கு வெச்ச மருந்த வெத்தா வெடிக்கக் கூடாது. வெடிச்சா அந்த வருசம் காட்டுல ஒண்ணும் தங்காது. எங்கப்பா காலத்துலேர்ந்து நாங்க அப்பிடித்தான்."

"அப்ப குடைஞ்சி எடுக்கட்டுமா?"

"அது ஒங்க இஷ்டம்."

நான் குடையவில்லை. குடைந்தால் வரியில் கீறல் விழும். மச்சானின் நம்பிக்கைக்கு மதிப்புக் கொடுத்தேன் என்று பின்னால் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சுத்தப் பொய். இரும்புக் குழலில் ஒரு கீறல் விழக் கூடாது என்பதுதான் காரணம். கேப்பைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மூன்றையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

அங்கே துப்பாக்கிகளை வாங்கி வைப்பவர் ஓர் ஏட்டையா. ரிடையராக ஒன்றிரண்டு வருடம் இருந்திருக்கும். "லோடு எதுனா இருக்கா சார்?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றேன். நாக்கு கூசவில்லை. பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தார்; இரண்டு, படிக்கிறார்கள் என்றேன். அட்டையில் என் பெயரை எழுதிக் கட்டி, மற்றவற்றோடு சுவரில் சாத்தினார். இரண்டு மாதம்தானே, திரும்பி வந்ததும் பன்றியைச் சுட்டுத் தீர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

தேர்தல் முடிந்தது. அதற்குள் என் லைசென்ஸ் காலாவதியாகியிருந்தது. புதுப்பித்துக்கொண்டு வந்தால்தான் துப்பாக்கி என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். ஃபைல் ஒரு மேசையில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது.

ஜூலையில் ஸ்டேஷனுக்குப் போனேன், உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான். ஏட்டையா அந்த அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எண்ணெய்த் துணியால் ஒவ்வொரு துப்பாக்கியாகத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைத் துடைக்கச் சொல்லவில்லை. "கெடக்குது பாவம், துருப்புடிச்சிடும்" என்றார். ஒரு குழல் வாயை நெஞ்சுக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு துடைத்தார். அது என்னுடையது இல்லை. ஆனால் என்னுடையதையும் இப்படித்தானே துடைப்பார்? எங்கிருந்தாவது ஒரு பொறி பறந்து அந்த ஓட்டையில் விழுந்தால் போதும், மனுஷன் போய்விடுவார். சொன்னால் லைசென்ஸ் போகும். மூன்றும் போகும். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்டிலும் போனேன். அப்போதும் டீ. அப்போதும் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு அந்தத் தெருப் பக்கம் போவதையே விட்டேன். பேப்பரில் "ஸ்டேஷனில்" என்று தலைப்பைப் பார்த்தாலே மடித்து வைத்துவிடுவேன். மனைவி என்னவென்று கேட்டாள். கண் வலி என்றேன்.

அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. ஃபைல் மறுபடி நின்றது. டிசம்பர் கடைசியில் புயல் வந்தது.

ரோடு சரியாகி நான் காடாம்புலியூர் போய்ச் சேர நாலு நாள் ஆனது. முந்திரிக்காடு மல்லாட்டை நிலத்தின் மேலேயே படுத்திருந்தது. நின்றுகொண்டிருந்த மரம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. பலா மரங்கள் வேரோடு மல்லாந்து கிடந்தன. எங்கிருந்து பார்த்தாலும் தார் ரோடு தெரிந்தது, இதற்கு முன் தெரிந்ததில்லை. மச்சான் விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். அழுது முடித்திருந்தான் என்று நினைக்கிறேன்.

"மாமா, அந்த மருந்த வெடிச்சிட்டீங்களா?" என்று கேட்டான்.

"இல்லடா. அப்பிடியேதான் இருக்கு."

"வெடிக்கலயா? அப்பறம் ஏன்..." என்றவன், கையிலிருந்த குச்சியால் மண்ணைக் கீறினான். முந்திரிக் கன்று வைத்தால் காய்க்க எத்தனையோ வருடம். நான் பஸ் ஏறினேன்.

ஜனவரியில் ஒருவழியாக வி.ஏ.ஓ. என் ஃபைலுக்காகக் காட்டைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர். சங்கடப்பட்டுக்கொண்டே கேட்டார்: "எந்தப் பயிரக் காப்பாத்தன்னு சார் நான் எழுதறது?"

அவர் எழுதவில்லை, லைசென்ஸும் இனி இல்லை என்றாகிவிட்டது. மூன்றையும் அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிடுவதாகக் கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்குப் போனேன். இனி இழக்க ஒன்றுமில்லை, இன்றாவது சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

ஏட்டையா மூன்றையும் எடுத்து மேசை மேல் வைத்தார். இரண்டு பளபளவென்று இருந்தன. ரைஃபிள் மட்டும் பின்பக்க ஓட்டையைச் சுற்றிச் செக்கச்செவேலென்று துருவேறி, பொருக்குத் தட்டியிருந்தது. உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டியதே இல்லை.

"ஏட்டையா, இதுல ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"மருந்துதானே சார்?" என்றார். "நீங்க குடுத்துட்டுப் போன அன்னிக்கே கம்பிய உட்டுப் பாத்தேன். நாலு வெரல் வெளிய நின்னுச்சு. மேல சொன்னா ஒங்க மேல கேஸாயிடும். ரெண்டு புள்ளைங்க படிக்குதுன்னு சொல்லியிருந்தீங்க. அதான் கேப் வெக்கிற ஓட்டையில தண்ணிய ஊத்தி ஊறப்போட்டுட்டேன். துப்பாக்கி வீணாப் போச்சு, மன்னிச்சுக்குங்க."

என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்டார்.

"நீங்களா சொல்லுவீங்கன்னுதான் சார் ரெண்டு வாட்டி டீ வாங்கிக் குடுத்து ஒக்கார வெச்சேன்" என்றார்.

பிறகு பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். போட்டேன். அன்று அவர் டீ சொல்லவில்லை.