கீழ என்றால் எங்கன?

நாங்கள் கேட்பது முகவரி. வந்து சேர்வதெல்லாம் வழி.

"சிவகிரி பஸ்ஸில் ஏறி ரைஸ்மில்லில் இறங்கி நேரே வரவும். நாய் குரைக்கும், கடிக்காது" என்று ஒருவர் எழுதியிருப்பார். "ராயகிரி, டாக்கீஸ் இருந்த இடத்துக்கு எதிர்" என்பார் இன்னொருவர். இருந்த இடம்! இல்லாத கட்டடத்துக்கு எதிரே இருக்கிற வீடு. "பச்சை கேட்டு வீடு, போன பொங்கலில் இருந்து நீலம்" என்று ஒன்று வந்தது. அன்று முழுக்க அந்த வரி என்னோடு டீக்கடைக்கும் வந்தது, வீட்டுக்கும் வந்தது. கேட்டுக்கு வேறு நிறம் அடித்தாயிற்று, ஊர் இன்னும் பழைய நிறத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் பத்து முறை அடித்துத் திருத்தி எழுதினாலும் கிடைக்காத வரி அது.

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குப் பின்னால், பிச்சிப்பூ வாசம் ஏறி வரும் மாடியில் எங்கள் அலுவலகம். மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் எங்கள் வலைத்தளத்தில் முகவரியை எழுதினால் போதும், டாக்டர் வண்டி வீட்டுக்கே போகும். வண்டி போக வேண்டுமென்றால் எழுதிய சொற்கள் இரண்டு எண்களாக மாற வேண்டும். ஒன்று அட்சரேகை, மற்றது தீர்க்கரேகை. இரண்டும் வெட்டுகிற இடத்தில் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். அங்கே ஒரு மாடு கண்ணில் நீர் ஒழுக நின்றுகொண்டிருக்கும்.

இந்த மாற்றும் நிரலை எங்கள் ஊருக்குத் தக்கபடி திருத்துகிறவள் கடையநல்லூரில் இருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். எனக்குத் தங்கச்சி முறை. நாங்களே வைத்துக்கொண்ட முறை. கணினிக்குப் புரியாத முகவரிகள் சிவப்பு எழுத்தில் திரும்பி வரும், அவற்றை வாசித்துச் சொல்வது என் வேலை. எந்த வேலையிலும் கால் பாவாத என்னை இந்த வேலை உட்கார வைத்துவிட்டது.

முதலில் நாங்கள் வெளியே வாங்கிய நிரலுக்கு 'மேல' என்றால் உயரம். எங்கள் பக்கத்தில் மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. மலை மேற்கே இருக்கிறது, தண்ணீர் கிழக்கே போகிறது, சொல்லும் அப்படியே சரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு மேல என்று எழுதினவர்கள் எல்லோரும் ஒரே புள்ளியில் குவிந்தார்கள்.

"அண்ணே, இங்கன பாருங்க. ஊர்ல உள்ள மாடு பூரா பஸ் ஸ்டாண்டு மொட்டைமாடியிலதான் கெட்டிக் கெடக்கு" என்றாள் தங்கச்சி.

அன்றைக்கே உட்கார்ந்து நிரலுக்கு எங்கள் பேச்சைச் சொல்லிக் கொடுத்தாள். மேல வந்தால் மேற்கே நகர், கீழ வந்தால் கிழக்கே நகர். குவிந்து கிடந்த புள்ளிகள் பொரி சிதறுவது போலச் சிதறி, அவரவர் தெருவுக்கு, தோட்டத்துக்கு, தொழுவத்துக்குப் போய் உட்கார்ந்தன. நான் திரையைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு சொல் தன் ஊருக்குத் திரும்புவதைக் கண்ணால் பார்ப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அதே 'கீழ'தான் பிறகு எங்களைத் தடுக்கியும் விட்டது.

ஒரு முற்பகல். திருவேங்கடம் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பசு, தலைச்சன் ஈற்று. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன், அம்மா போனில் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பியிருந்தான்: "கன்னு ஒத்தக் கால்தான் வெளியே தெரியுது. சீக்கிரம் வாங்க. கண்மாய்க் கரைக்குக் கீழ, ஒத்த ஓட்டு வீடு." புள்ளி கண்மாய்க்குக் கிழக்கே விழுந்தது. டாக்டரும் கிளம்பிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவரே அழைத்தார். "அண்ணாச்சி, இங்கன வீடும் இல்ல, மாடும் இல்ல. கரிசக்காடும் உடைமரமுந்தான் கெடக்கு."

தங்கச்சி அந்த அம்மாவையும் இணைப்பில் சேர்த்தாள். பட்டன் போன். இருக்கிற இடத்தை அனுப்பச் சொல்ல வழியில்லை. பின்னால் பசு முக்குகிற சத்தம் எங்கள் மாடி வரைக்கும் கேட்டது.

"ஐயா, எங்கன நிக்கிய?"

"கண்மாய்க்குக் கீழதான்மா நிக்கேன்."

"நானும் கீழதான் நிக்கேன். உங்களக் காணலையே!"

"நல்லாக் கீழ வந்துட்டேம்மா. இதுக்கு மேல கீழ போனா அடுத்த ஊரு வந்துரும்."

"ஏன் அங்கன போறிய? கரையில ஏறி எறங்குங்க. கீழன்னா கீழதான? இது கூடவா தெரியாது? டாக்டருக்குப் படிச்சியளா, எதுக்குப் படிச்சிய?"

டாக்டர் சிவகிரிக்காரர். அவருக்குக் கீழ என்றால் கிழக்குதான். எனக்கும் அப்படியே. நிரலுக்கும் இப்போது அப்படியே. விவரம் தெரியாத வெளியூர்க்காரன் ஒருவன் அங்கே நின்றிருந்தால், கீழே என்றதும் கரையில் இருந்து பள்ளத்தில் இறங்கி நேராக வீட்டு வாசலுக்கே போயிருப்பான்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போய், அடுத்த நொடியே தெளிந்தது. "அண்ணே, அவுக கிழக்கச் சொல்லல. பள்ளத்தச் சொல்லுதாக." பிறகு போனில், "அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மடையத் தொறந்தா தண்ணி எந்தப் பக்கம் பாயும்?"

"எங்க வயலுக்குத்தான் பாயும். வேற எங்க பாயும்?"

எனக்கு அப்படியொரு கேள்வி தோன்றியிருக்காது. திசையைக் கேட்கவில்லை, தெருவைக் கேட்கவில்லை, தண்ணீரைக் கேட்டாள். வானத்தில் இருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கினாள். கரையை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். அந்தக் கண்மாய்க்குக் கரை வடக்கே இருந்தது. கரையின் நடுவில் மடை. மடையில் இருந்து விசிறி விரித்தாற்போலப் பச்சை. பச்சையின் ஓரத்தில் செம்பழுப்பாய் ஒரு கூரை. புள்ளியை இழுத்து அங்கே வைத்தாள். எண்களின் கடைசி இலக்கங்கள் சில மாறின. அவ்வளவுதான். அந்தச் சில இலக்கங்களுக்குள் ஒரு தாய், ஒரு கன்று, ஒரு வீட்டின் பால்.

"டாக்டர், வடக்க சுத்தி வாங்க. மடையத் தாண்டினதும் எறக்கம். ஓட்டு வீடு."

வண்டி உறுமுவது கேட்டது. அந்த அம்மா போனை வைக்கவே இல்லை. எங்கேயோ நட்டு வைத்தாரோ, மடியில் செருகினாரோ, எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. கதவு சாத்துகிற சத்தம். "வென்னி கொண்டாங்கம்மா." "இன்னொரு கால் மடங்கிக் கெடக்கு, புடிச்சுக்கோங்க." பசு பெருமூச்சு விட்டது. நானும் விட்டேனா, தெரியவில்லை. கீழே மார்க்கெட்டில் பூவை ஏலம் கூவிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைச் சாத்த எனக்குக் கை வரவில்லை.

ஈரமாய், கரகரப்பாய் ஒரு சத்தம் வந்தது. இந்த உலகத்தின் மேல் முதல் புகார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் தங்கச்சி. முந்தானையை முகத்தில் ஒற்றிக்கொண்டு, "கெடேரியா காளையான்னு கேளுங்கண்ணே" என்றாள்.

கிடேரி.

மறுநாளில் இருந்து எங்கள் வலைத்தளத்தில் யாராவது 'கீழ' என்று எழுதினால் அது திருப்பிக் கேட்கும்: கிழக்கா, பள்ளமா? பலர் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். "ரெண்டுந்தான்" என்று எழுதினவரும் உண்டு. அவர் சொன்னதும் சரிதான், போய்ப் பார்த்தால் இரண்டும்தான்.

சில நாள் கழித்து ஒரு முகவரி சிவப்பு எழுத்தில் எனக்குத் திரும்பி வந்தது. திருப்பூர் மகன் திருத்தி அனுப்பியிருந்தான்: "கண்மாய்க் கரைக்குக் கீழ, பள்ளம். வாசலில் சிவலைக் கன்னு நிற்கும் வீடு."

தங்கச்சியிடம் காட்டினேன். "கன்னு வளந்து மேயப் போயிட்டா என்ன செய்ய?"

"போனாப் போகட்டும்ணே. டாக்கீஸ் மட்டும் நின்ன எடத்துலயேவா நிக்கி?"

புள்ளியை அவள் நகர்த்தவில்லை. நிரலுக்குத் தெரிந்த அடையாளங்களின் வரிசையில், ரைஸ்மில்லுக்கும் டாக்கீஸுக்கும் அடுத்து, சிவலைக் கன்றைச் சேர்த்தாள்.