மூன்றாவது கியரில் மட்டும் ஓடிய கார்

மலேசியாவில் கூலாய் நகரத்துத் தாமான் குடியிருப்பு ஒன்றில், அந்த வீட்டில் சாப்பாட்டு மேசை இருந்தும் மூன்று வாரமாக யாரும் அதில் சாப்பிடவில்லை. மதிவாணன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிடப் பழகிவிட்டான். மேசை முழுக்க அவன் மனைவி தேன்மொழியின் கார். ஓட்டிப் போகிற கார் இல்லை. மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை ஒன்றோடொன்று மாட்டிக் கட்டுகிற பந்தயக் கார். கட்டி முடித்தால் ஒரு கைக்குழந்தை அளவுக்கு நீளம். பெட்டியின் மேல் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று போட்டிருந்தது. தேன்மொழிக்கு நாற்பத்து மூன்று.

செனாய் பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அவள் பத்தொன்பது வருடமாகத் தரப் பரிசோதகர். வாரக்கடைசியில் இந்தக் கட்டுமானப் பெட்டிகளை வாங்கிக் கட்டுவாள்; கட்டி முடித்தபின் நல்லது கெட்டதைத் தமிழில் சொல்லி வீடியோ போடுவாள். ஆறாயிரம் பேர் பார்த்தார்கள். 'சூப்பர்' என்ற சொல் அவள் வாயில் வராது என்பதுதான் அந்த ஆறாயிரம் பேருக்கும் பிடித்த விஷயம். ஒட்டாத ஸ்டிக்கரை ஒட்டவில்லை என்பாள், வெளுத்த நிறத்தை வெளுத்தது என்பாள். அவள் நல்லது என்று சொன்னால் யோசிக்காமல் வாங்குகிறவர்கள் இருந்தார்கள்.

இந்த முறை பெட்டியைக் கொடுத்தவர் ரவீந்திரன். யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறவர், ஜொகூர் பாருவில் சின்னதாக ஒரு பொம்மைக் கடை வைத்திருந்தார். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் மீசை நரைத்த பிள்ளைகள். "பாத்துச் சொல்லுங்கோ தேன்மொழி, உள்ளது உள்ளபடி" என்று மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தார்.

தேன்மொழியிடம் ஒரு பழக்கம் இருந்தது. இப்படிப்பட்ட பெட்டிகளில் துண்டுகள் எண் போட்ட பைகளில் வரும். இதில் இருபத்தாறு பைகள். ஒன்றாம் பையைக் கட்டி முடித்துவிட்டுத்தான் இரண்டாம் பையை வெட்டவேண்டும். உலகம் முழுக்க அப்படித்தான் கட்டுகிறார்கள். அவளுக்கு மட்டும் அது ஒத்துவராது. தொழிற்சாலைக்குச் சரக்கு வந்தால் முதலில் மொத்தத்தையும் பிரித்து, இனம் பிரித்து, எண்ணி, பட்டியலோடு ஒப்பிட்ட பிறகுதான் உள்ளே விடுவார்கள். எண்ணாத சரக்கின் மேல் அவளுக்குக் கை போகாது. இருபத்தாறு பைகளையும் ஒரே மூச்சில் வெட்டிக் கொட்டி, நிறம் ஒரு பக்கம், அளவு ஒரு பக்கம் என்று ஐஸ்கிரீம் டப்பாக்களில் பிரித்துப் போட்டாள். எண்ணிப் பார்த்தாள். பட்டியலில் இருந்தது எல்லாம் இருந்தது, ஒன்றும் குறையவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை காரின் கடைசித் துண்டு ஏறியது. காருக்கு நாலு கியர். எந்தக் கியரில் தள்ளினாலும் சக்கரம் சுற்ற, அதோடு எஞ்சினுக்குள் பிஸ்டன்கள் ஏறி இறங்கவேண்டும். மூன்றாவது கியரில் அழகாக ஓடியது. ஒன்றில் போட்டாள், சக்கரம் பூட்டிக்கொண்டு மேசை மேல் இழுபட்டது. இரண்டிலும் அதே கதை, நாலிலும் அதே கதை. பின்பக்கத்து இறக்கையைத் தூக்க ஒரு திருகு இருந்தது. திருகு சுற்றியது, இறக்கை அசையவில்லை.

படத்தையும் காரையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டாள். இரண்டு தடவை. எல்லாம் படத்தில் இருந்தபடியே இருந்தது. எண்ணிக்கையும் சரி, இடமும் சரி. அப்புறமும் ஓடவில்லை என்றால்?

மத்தியானத்துக்குள் வீடியோ ஏறிவிட்டது. "நாலு கியர்ல ஒண்ணுதான் விழுது. றெக்கை தூக்கல. நான் சொல்றேன், இந்தப் பெட்டிய வாங்காதீங்க."

திங்கட்கிழமை மாலை ரவீந்திரன் அழைத்தார்.

"வீடியோ பாத்தனான், தேன்மொழி."

"சொல்லுங்கண்ணே."

"அதை அழிக்கச் சொல்லிக் கேக்க வரேல்ல. நீங்கள் சொன்னால் சொன்னதுதான். ஒரே ஒரு கேள்வி. வடிவா பாத்தனீங்கள்தானே?"

"ரெண்டு தடவ பாத்தேன்ணே. பீஸ் எண்ணித்தான் ஆரம்பிச்சேன். எல்லாம் சரியா இருந்தும் ஓடலன்னா சாமான்லதான் கோளாறு."

"சரி," என்றார் ரவீந்திரன். "முன்கூட்டிச் சொல்லி வச்ச ஆக்கள் பதினொரு பேர் வேண்டாம் எண்டுட்டினம். அதுக்குத்தான் கேட்டனான். வேறொண்டுமில்லை."

அவர் கோபப்பட்டிருந்தால் தேன்மொழிக்குச் சுலபமாக இருந்திருக்கும். போனை வைத்தபின் சமையலறையில் நின்றபடி வெறும் கிளாஸைக் கழுவிக் கழுவி வைத்தாள்.

மறுநாள் தொழிற்சாலை கண்டீனில் இன்னொரு செய்தி வந்தது. பிரவீனா அனுப்பியிருந்தாள். பெக்கான் நானாஸில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறவள், தேன்மொழியின் வீடியோவைப் பார்த்துப் பார்த்தே இந்தப் பொழுதுபோக்குக்குள் வந்தவள். அதே காரை அவளும் கட்டியிருந்தாள்.

'அக்கா கோவிச்சுக்காதீங்க. எனக்கு நாலு கியரும் விழுது. றெக்கையும் தூக்குது. உங்க பெட்டி மட்டும்தான் அப்படியா லா?'

கூடவே பதினாலு வினாடி வீடியோ. கார் ஒன்றில் ஓடியது, இரண்டில் ஓடியது, மூன்றில், நாலில். இறக்கை எழுந்து நின்றது.

தேன்மொழியின் முதல் யோசனை, தன்னுடைய பெட்டி மட்டும் கெட்ட பெட்டி என்பதுதான். அந்த யோசனையோடு சோற்றைப் பிசைந்தவள் தட்டைத் தள்ளி வைத்தாள். ஒரே ஒரு பீஸைப் பார்த்துவிட்டு ஒரு லாட் சரக்கையே ரிஜெக்ட் போடுகிற புதுப் பெண்களை அவளே எத்தனை தடவை திட்டியிருப்பாள்! கட்டினது ஒரு பெட்டி. வாங்காதே என்று சொன்னதோ எல்லாப் பெட்டிகளையும்.

கை கழுவிவிட்டு பிரவீனாவை அழைத்தாள்.

"நீ எப்படிம்மா கட்டுனே?"

"எப்படின்னா? பை நம்பர் பாத்துத்தான். உங்கள மாதிரி எல்லாத்தையும் கொட்டிப் பிரிச்சா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்க்கா."



வியாழக்கிழமை விடுப்பு எடுத்தாள். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிற மதிவாணனுக்கும் அன்று வேலை இல்லை. காலைப் பசியாறிவிட்டு வந்தவன், மனைவி காரின் கூரையைப் பெயர்ப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"அலமாக்! தேனு, என்ன பண்றே?"

"கியர் பாக்ஸத் தொறக்கிறேன்."

"அது அடியில இல்ல இருக்கு? ஆயிரம் பீஸ கழட்டணுமே!"

"ஆயிரத்து நூறு."

"அந்த வீடியோவ அழிச்சிட்டு வேற வேலையப் பாரு. ஒரு வாரம் போனா யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது?"

"பதினொரு பேருக்கு இருக்கும். ரவீந்திரன் அண்ணனுக்கு இருக்கும். எனக்கு இருக்கும்."

"அப்ப இன்னும் மூணு வாரம் எனக்குச் சோபாதானா?"

"சனிக்கிழமைக்குள்ள முடிச்சிருவேன். அந்த டப்பாவ இங்கிட்டுத் தள்ளுங்க."

கூரை, கதவு, இருக்கை, அடித்தளம் என்று புத்தகத்தைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டிக் கழற்றிக்கொண்டே போனாள். நகக்கண் வலித்தது. பதினோரு மணி வாக்கில் கியர் பாக்ஸ் வெளியே வந்தது. ஒவ்வொரு பற்சக்கரமாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

மூன்றாவது கியரின் சக்கரம். சாம்பல் நிறம், பதினாறு பல். படத்திலும் சாம்பல், பதினாறு பல். நடுவில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். கூட்டல் குறி வடிவம். டப்பாவில் மிச்சமிருந்த உபரிச் சக்கரத்தை எடுத்தாள். அதே சாம்பல், அதே பதினாறு பல். ஓட்டை மட்டும் வட்டம்.

வட்ட ஓட்டைச் சக்கரம் தண்டின் மேல் சும்மா சுழலும். கூட்டல் குறி ஓட்டை தண்டோடு பிடித்துக்கொள்ளும். சும்மா சுழலவேண்டிய இடத்தில் பிடித்துக்கொள்வதை மாட்டியிருந்தாள். அதனால் எந்தக் கியரில் போட்டாலும் மூன்றாவதும் கூடவே பிடித்து, மூன்றைத் தவிர எல்லாக் கியரும் பூட்டிக்கொண்டது. இறக்கைத் திருகைக் கழற்றினாள். பிடித்துக்கொள்ளவேண்டிய இடத்தில் வட்ட ஓட்டை உட்கார்ந்திருந்தது. இதன் இடத்தில் அது, அதன் இடத்தில் இது. பட்டியலில் தனித்தனி வரியில் இருந்த இரண்டையும் நிறமும் பல்லும் ஒன்று என்று சேர்த்து எண்ணி ஒரே டப்பாவில் போட்டது அவள்தான். நாலாம் பையில் ஒரு வகையும் ஒன்பதாம் பையில் இன்னொரு வகையும் தனித்தனியாகத்தான் வந்திருக்கும். பை பார்த்துக் கட்டிய யாருக்கும் இந்தத் தவறு வந்திருக்காது.

எண்ணிக்கை சரியாக இருந்ததால்தான் இத்தனை நாளும் அவளுக்குத் தன்மேல் சந்தேகமே வரவில்லை.

"என்னாச்சு?" என்றான் மதிவாணன்.

"நான்தான்."

அவன் கேலி பேசப் போகிறான் என்று நினைத்தாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எந்தப் பக்கம்லேர்ந்து பிரிக்கணும், சொல்லு" என்றான்.

அன்றைக்கே ரவீந்திரனை அழைத்துச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "அண்ணே, தப்பு என்னுது. சாமான்ல ஒண்ணுமில்ல." அவர் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. பழைய வீடியோவை அவள் அழிக்கவில்லை. அதன் தலைப்பிலேயே 'இதில் நான் சொன்னது தவறு' என்று போட்டாள். கியர் பாக்ஸைத் திரும்பக் கட்டுவதை வெட்டாமல் ஒட்டாமல் முழுதாகப் படம் பிடித்தாள். இரண்டு சக்கரத்தையும் விரல் நுனியில் பிடித்துக் காட்டினாள். "ஒரே நிறம், ஒரே பல்லு. ஒண்ண வேற நிறத்துல செஞ்சிருக்கலாம், பாதி வழியில ஓட்டிப் பாக்கச் சொல்லி ஒரு படம் போட்டிருக்கலாம். அது அவங்க குறை, அத நான் சொல்லத்தான் செய்வேன். ஆனா வாங்காதீங்கன்னு சொன்னது என் தப்பு. அதுக்கு அவங்க மேல பழி போட மாட்டேன்."

முதல் வீடியோவைப் பார்த்தவர்களில் பாதிப் பேர்கூட இரண்டாவதைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவுவரை கணக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, இதற்கு வீடியோ போதாது என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ரவீந்திரனின் கடைக்குள் காரைத் தூக்கிக்கொண்டு நுழைந்தாள். மதிவாணன் நெடுஞ்சாலை முழுக்க நாற்பதைத் தாண்டாமல் ஓட்டி வந்திருந்தான். பின்னால் வந்த லாரிக்காரர்கள் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு.

"என்ன பிள்ளை இது?" என்றார் ரவீந்திரன்.

"வாசல் பக்கமா ஒரு மேசை குடுங்கண்ணே. அந்தப் பதினொரு பேருக்கும் சொல்லுங்க, நான் கடை அடைக்கிற வரைக்கும் இருப்பேன்."

பதினொன்றரை மணிக்கு முதல் ஆள் வந்தான். தடித்த உடம்பு, தொழிற்சாலை சட்டை, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நீங்கதானே வாங்காதீங்கன்னு சொன்ன அக்கா?"

ரவீந்திரன் கல்லாவிலிருந்து எழுந்தார். தேன்மொழி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"ஆமா தம்பி, நான்தான். தப்பா சொல்லிட்டேன்."

"போன ஞாயித்துக்கிழம வாங்காத, இன்னைக்கு வாங்கு. இடையில கடைக்கார அங்கிள் எவ்வளவு காசு வெட்டினாரு?"

மதிவாணன் முகம் சிவந்தது. தேன்மொழி காரை அவன் பக்கம் நகர்த்தினாள். "நீங்களே கியரப் போட்டுப் பாருங்க."

"இது ஓடும்க்கா. நீங்க நல்லா செட் பண்ணி, ஓட்டிப் பாத்துத்தானே தூக்கியாந்திருப்பீங்க? எனக்கு வர்ற பெட்டி ஓடுமா?"

நியாயமான கேள்வி. அவள் அவன் இடத்தில் நின்றிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாள்.

"அண்ணே, பிரிக்காத பெட்டி ஒண்ணு குடுங்க. நான் வாங்கிக்கிறேன்." ரவீந்திரன் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வந்து வைத்தார். தேன்மொழி அதைத் திருப்பி முத்திரையை அவனுக்குக் காட்டினாள். "இத இங்கேயே கட்டுறேன். உங்க கண்ணு முன்னால. கியர் பாக்ஸ் வரைக்கும் நாலு மணி நேரம் ஆகும். ஓடலன்னா மறுபடியும் வாங்காதீங்கன்னு வீடியோ போடுவேன், அண்ணன் முன்னாலேயே சொல்றேன். இருக்கீங்களா?"

அவன் பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"நாலு மணி நேரமா? அடோய்!" என்று சிரித்தான். கட்டியிருந்த கையை அவிழ்த்து, சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்து எதிரில் போட்டுக்கொண்டான். "சரி, ஆரம்பிங்க. எனக்கு இன்னைக்கு ஷிப்ட் இல்ல."

தேன்மொழி கத்தரிக்கோலை எடுத்து முத்திரையை வெட்டினாள்.