நிறைந்தால்தான் கிளம்பும்

எங்கள் தென்னேரிக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே இரண்டு சின்ன பஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று போனால் இன்னொன்று வரும். அறுபதுகளின் கடைசியில் அவற்றின் முதலாளிக்கு என்ன கேடு வந்ததோ, இரண்டையும் விற்றுவிட்டு ஒரே ஒரு பெரிய பஸ் வாங்கினார். டீசல் மிச்சமாம், டிரைவர் மிச்சமாம். ஆனால் நிறைந்தால்தான் கிளம்பும்.

எங்கே நிறைவது? வெயிலில் நிற்கிற வண்டியில் முதல் ஆளாக ஏறி வேக யாருக்குப் பைத்தியம்? எல்லோரும் எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஏறட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று பத்து மணிக்கு எனக்குக் காஞ்சிபுரத்தில் இண்டர்வியூ. நெசவாளர் சங்கமொன்றில் டைப்பிஸ்ட் வேலை. கிடைக்காவிட்டால் தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அந்த மனிதருக்கு என்னைப் போல் இரண்டு பங்கு வயது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கெளப்புங்கண்ணா" என்று டிரைவரிடம் கெஞ்சினேன்.

"பெரிய வண்டிமா. காலியா போனா பாக்கறவன் சிரிப்பான்."

கூட வந்திருந்த அம்மா தெருவுக்குள் ஓடினாள். "வந்து சும்மா குந்துங்கபா! கெளம்பறப்போ எறங்கிக்கலாம்!" என்று கத்தி ஆள் திரட்டினாள். பாதி முகம் மழித்திருந்தவர் சோப்பு நுரையோடு வந்தார். பக்கத்து வீட்டு அக்கா கரண்டியோடு வந்தாள். கூட்டத்தைக் கண்டதும் மரத்தடிக்காரர்களும் அடித்துப்பிடித்து ஏறினார்கள். டிரைவர் சட்டென்று வண்டியைக் கிளப்பினார். நிறுத்தவே இல்லை.

"யோவ், அடுப்புல கொழம்பு கொதிச்சிக்கினு இருக்குதுயா!" என்று அலறினாள் அக்கா.

"நிறுத்துனா மறுபடியும் காலியாயிடும்கா."

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த முதலாளிக்கு வாயெல்லாம் பல். "பாத்தியாடா? இதைவிடப் பெருசா ஒண்ணு வாங்கணும்" என்றார் கண்டக்டரிடம்.

திரும்பும்போதும் நிறைந்தால்தானே கிளம்பும்? போக்கிடமில்லாமல் அத்தனை பேரும் என் பின்னாலேயே சங்கத்துக்கு வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். செயலாளர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து மிரண்டுபோனார்.

"யாரும்மா இவங்கல்லாம்?"

"எங்க ஊர்க்காரங்க சார். எனக்காக வந்திருக்காங்க."

டைப் அடித்துக் காட்டச் சொல்லவில்லை. காபி வரவழைத்தார். "திங்கக்கிழமையிலிருந்து தினமும் காலைல ஒன்பது மணிக்கு வந்துடணும்" என்றார்.

வெளியே வந்து அதை அப்படியே சொன்னேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "தெனமுமா?" என்றாள் கரண்டியோடு நின்ற அக்கா. மற்றவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.