எனக்கும் ஒரு இன்சூரன்ஸ்

அப்போது மந்தாரக்குப்பத்தில் என்னிடம் ஒரே ஒரு லாரி இருந்தது. நானே ஓட்டுவேன். நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் கட்டச் செங்கல் லோடு அடிக்கும் காண்ட்ராக்ட். ஏற்றி இறக்க நாலு ஆட்கள். அவர்களுக்கு விபத்து இன்சூரன்ஸ் எடுத்தால்தான் காண்ட்ராக்ட் நிலைக்கும் என்று அதைக் கொடுத்தவர்கள் சொன்னார்கள். பிரீமியத்தைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடலூரிலிருந்து வந்த ஏஜெண்ட், கைக்கு இவ்வளவு, காலுக்கு இவ்வளவு என்று படிக்கப் படிக்க நால்வரும் சிரித்தார்கள். அவர்களில் மூத்தவரான கோவிந்தன் கேட்டார்:

"எங்க மொதலாளிக்கு ஒண்ணுன்னா இன்னா குடுப்பீங்க?"

"வேலை செய்றவங்களுக்கு மட்டுந்தாங்க. முதலாளிக்குக் கிடையாது."

சிரிப்பு நின்றுவிட்டது. நால்வரும் என்னை அநாதைப் பிள்ளையைப் போலப் பார்த்தார்கள்.

"வண்டிய ஓட்டிக்கினு போறதே அவருதாங்க! இது இன்னாங்க நியாயம்?" என்று கோவிந்தன் சண்டைக்கே போய்விட்டார்.

மறுநாள் காலை லாரிக்கு முன்னால் பூசணிக்காயும் கற்பூரமுமாக நின்றார்கள்.

"இன்னிக்கு அமாவாசை இல்லையே, வண்டிக்கு எதுக்கு?" என்றேன்.

"வண்டிக்கு இல்லீங்க, உங்களுக்கு. அந்தாளு உட்டா நாங்க உட்டுடுவமா?"

என் தலையைச் சுற்றி உடைத்தார்கள். சட்டையெல்லாம் குங்குமம் தெறித்தது. அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

அவர்களுக்குப் பிரீமியம் கட்ட நான் மூக்கால் அழுதேன். எனக்கு, நான் கேட்காமலே அவர்கள் கட்டிவிட்டார்கள்.