குளிரில் செத்த கிருமி

முதுகுத்தண்டிலிருந்து எடுக்கும் நீரை ஃபிரிட்ஜுக்குள் வைக்கக் கூடாது. இதை இதுவரை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். மாடிப்படியில் ஆட்களை மறித்துச் சொல்லியிருக்கிறேன். புதிதாக வரும் தாதிமாரை இருத்தி வைத்துச் சொல்லியிருக்கிறேன். மூன்று மொழியிலும் அச்சடித்து வார்ட்டு ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டியும் விட்டேன். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் அதன் மேலேயே யாரோ மத்தியானச் சாப்பாட்டுப் பட்டியலை ஒட்டியிருந்தார்கள்.

கொழும்பின் வட பக்கத்தில் ஓர் ஆசுபத்திரி ஆய்வுகூடத்தில் நான் வேலை செய்கிறேன். வீடு வெள்ளவத்தையில். காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இறங்கும்போது பாதிப் பொறுமை அங்கேயே தீர்ந்துவிடும். நோயாளிகளின் இரத்தத்திலும் சளியிலும் முதுகுத்தண்டு நீரிலும் என்ன கிருமி இருக்கிறது என்று வளர்த்துப் பார்ப்பது என் வேலை. வளர்த்தால்தான் அதன் பெயர், அதன் வகை, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதெல்லாம் தெரியும்.

மெனிங்கோகொக்கஸ் என்று ஒரு கிருமி இருக்கிறது. பலருடைய தொண்டையில் அது ஒரு தொந்தரவும் தராமல் இருந்துவிட்டுப் போய்விடும். எவரோ ஒருவருக்கு மட்டும் அது இரத்தத்தில் இறங்கி, மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் ஏறும். காலையில் சும்மா காய்ச்சல் என்று படுத்த பிள்ளை அடுத்த நாள் உயிருக்குப் போராடும். உடம்புக்குள் இவ்வளவு அட்டகாசம் செய்கிற அதே கிருமி வெளியே வந்தால் மகா கோழை. காய்ந்தால் சாகும், குளிர்ந்தால் சாகும். ஆசுபத்திரியில் வேறு எத்தனையோ மாதிரிகளை ஃபிரிட்ஜில் வைப்பதுதான் முறை. நல்ல பழக்கமுள்ளவர்கள்தான் இதையும் பத்திரமாக உள்ளே வைப்பார்கள். யாரைத் திட்டுவது என்று தெரியாததுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு ஒரு சின்னப் போத்தல் வந்தது. கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பையனுடையது. கழுத்து விறைப்பு, உடம்பில் ஊதா நிறப் புள்ளிகள் என்று கூட வந்த துண்டில் எழுதியிருந்தது. போத்தலைக் கையில் எடுத்தேன். பனிக்கட்டி மாதிரி இருந்தது.

வார்ட்டுக்கு அழைத்தேன். பயிற்சியில் இருந்த இளம் டொக்டர் எடுத்தார். சிங்களப் பிள்ளை, நல்ல பிள்ளை. பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும்தான் நாங்கள் கதைப்போம்.

"இது எத்தனை மணிக்கு எடுத்தது?"

"ஏழு மணிக்கு, மிஸ். உங்கட ஆட்கள் வரும்வரைக்கும் பத்திரமா ஃபிரிட்ஜில வச்சேன்."

அந்தப் "பத்திரமா" என்ற சொல்லைக் கேட்டதும் நான் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் விடிய விடிய நித்திரை இல்லாமல் நின்றவர். மருந்தை நேரத்துக்கு ஏற்றியவர். பையன் உயிரோடு இருப்பதே அவரால்தான். அவரிடம் போய் என்ன சொல்வது?

"இனிமேல் வைக்காதேங்கோ. கையில பிடிச்சுக்கொண்டு ஓடி வாங்கோ. ஆள் இல்லாட்டி என்னைக் கூப்பிடுங்கோ, நான் ஏறி வாறன்," என்றேன்.

நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது அவை இருந்தன. இரண்டு இரண்டாக, ஒன்றின் வயிற்றோடு மற்றது ஒட்டியதுபோல, சாயத்தில் இளஞ்சிவப்பாக. கண் பொய் சொல்லவில்லை. ஆனால் செத்தவையும் சாயம் ஏற்கும். வளரும் என்ற நம்பிக்கையில், சூடாக்கிய இரத்தம் கலந்த வளர்ப்புக் கூழ்த் தட்டில் அந்த நீரைத் தடவினேன். சொக்லேட் நிறத்தில் இருப்பதால் அதற்கு சொக்லேட் அகார் என்று பெயர். தட்டை ஒரு சாடிக்குள் மெழுகுதிரியோடு வைத்து மூடி, சூட்டுப் பெட்டியில் வைத்தேன். திரி எரிந்து அணைந்தால் உள்ளே அந்தக் கிருமிக்குப் பிடித்த காற்று இருக்கும்.

புதன்கிழமை ஒன்றுமில்லை. வியாழக்கிழமையும் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை தட்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மருந்து ஏற்றிய பிறகு எடுத்த இரத்தத்திலும் எதுவும் வளரவில்லை. "வளர்ச்சி இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தபோது பேனையை மேசையில் போட்டுவிட்டு வெளியே போய் நின்றேன்.

பையனுக்கு அதனால் நட்டமில்லை. மருந்து வேலை செய்துகொண்டிருந்தது. நட்டம் வேறு இடத்தில். இந்தக் கிருமியில் பல வகை உண்டு. ஏ, சி, டபிள்யூ, வை என்ற நான்குக்கும் சேர்த்து ஓர் ஊசி. பி வகைக்கு வேறு ஊசி. எது நம்மிடையே திரிகிறது என்று தெரியாமல் எந்த ஊசியைக் கேட்பது? உலகத்தில் எங்கெங்கோ இருந்து ஆராய்ந்து தடுப்பூசி செய்திருக்கிறார்கள். நாங்கள் இங்கே கிருமியைக் குளிரில் கொன்றுவிட்டு "வளர்ச்சி இல்லை" என்று எழுதுகிறோம்.

அன்று பின்னேரம் அந்தப் பையனின் தாய் ஆய்வுகூட ஜன்னலுக்கு வந்தார். புறக்கோட்டைப் புடைவைக் கடையொன்றில் வேலை செய்பவர். வேலைக்கு உடுத்த சேலையோடேயே நாலு நாளாக ஆசுபத்திரியில் நிற்கிறார் என்று பார்த்தவுடன் தெரிந்தது. கையில் பிளாஸ்டிக் உறை போட்ட இரண்டு தடுப்பூசி அட்டைகள்.

"மிஸ், இந்தக் கார்டப் பாருங்க. ரெண்டு பிள்ளைக்கும் ஒரு ஊசி கூட நான் விடல. மழையில கூடத் தூக்கிட்டுப் போயிருக்கேன். இதுல எது விட்டுப் போச்சுன்னு சொல்லுங்க."

நான் வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் திகதி, கையெழுத்து. என் சொந்தப் பிள்ளையின் அட்டை இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

"ஒண்டும் விடுபடேல்லை," என்றேன்.

"மூளைக்காய்ச்சல் ஊசியும் போட்டிருக்கு. இந்தா, இங்க."

"அது வேறை காய்ச்சல். நுளம்பு கடிச்சு வாறது. இதுக்கான ஊசி இந்த அட்டையிலையே இல்லை."

அவர் அட்டையைத் திருப்பி வாங்கி, நான் பார்க்கத் தவறிய கட்டம் எங்கேயாவது இருக்குமோ என்று பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு கேட்டார்:

"முன் வீட்டு ஹாஜியார் சொல்றாரு, மக்காவுக்குப் போகக்குள்ள அவருக்கு இதுக்குத்தான் ஊசி போட்டாங்களாம். அப்ப ஊசி இருக்குதானே. மகளுக்குப் பதினஞ்சு வயசு. அவளுக்கு அதையே போடலாமா?"

நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இருந்திருக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் தொற்றாமலிருக்கக் குளிசை கொடுத்திருக்கிறார்கள், இப்போதைக்குப் பயப்பட வேண்டாம், ஊசியைப் பற்றிப் பெரிய டொக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எதையெதையோ சொன்னேன். குளிசை குடித்ததிலிருந்து சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது, அதுவும் இந்த நோயா என்று கேட்டார். அது குளிசையின் நிறம் என்று சொல்வதற்கு அந்த நாலு நாளில் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

போத்தலின் அடியில் சில துளி மிச்சம் இருந்தது. செத்த கிருமியின் மரபணுவையும் கண்டுபிடிக்கிற பெரிய ஆய்வுகூடம் ஒன்றுக்கு அதை அனுப்பினேன். படிவத்தில் முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். முத்திரை குத்தி அனுப்பினேன். முத்திரை கையெழுத்தின் மேல் விழுந்து பெயர் தெரியவில்லை என்று மறுபடியும் திரும்பி வந்தது. மூன்றாம் முறை நானே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர் படிவத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏன் மிஸ் நீங்களே வந்தனீங்கள், தபாலிலை போட்டிருக்கலாமே," என்றார். வந்த வழியே திரும்பினேன். வாயைத் திறந்திருந்தால் வேலை போயிருக்கும்.

மூன்று கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. மெனிங்கோகொக்கஸ்தான். வகையைப் பிரித்தறிய மாதிரி போதாது.

ஆசுபத்திரியின் அந்த மாதக் கூட்டத்தில் எழுந்து, ஃபிரிட்ஜில் கிருமி செத்த கதையைச் சொன்னேன். நான் கூட்டங்களில் எழும்புகிற ஆள் இல்லை. மூத்தவர் ஒருவர் அன்பாகவே சொன்னார், இந்த நோய் இங்கே மிகவும் அரிது, இதற்காக இவ்வளவு மினக்கெட வேண்டாம் என்று.

"சேர், நாங்கள் தேடுற விதத்திலை அது அரிதாத்தான் இருக்கும்," என்றேன்.

 அடுத்த விடயத்துக்குப் போனார்கள். அது வாகனத் தரிப்பிடம் பற்றியது. அதற்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது.

பையன் பிழைத்துக்கொண்டான். இடது காது கேட்பதில்லை. ஆட்கள் எந்தப் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் வலது பக்கமே திரும்புகிறான் என்று தாய் சொன்னார். பெரிய டொக்டரிடம் கேட்டதில், நான்கு வகைக்கான ஊசியை மகளுக்குப் போடலாம், எல்லா வகைக்கும் அது காப்பாகாது, ஆனால் ஒன்றுமில்லாததற்கு நாலு நல்லது என்றார். அதை அப்படியே தாயிடம் சொன்னேன். பி வகை மிஞ்சியிருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. 

"நாலு கதவப் பூட்ட முடியும்னா பூட்டுவோம் மிஸ்," என்றார்.

வெள்ளவத்தையில் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பயணிகளுக்கு ஊசி போடும் ஒரு தனியார் நிலையம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை தாயும் மகளும் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தார்கள். நானும் கூடப் போனேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைகளும், மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகும் ஒரு குடும்பமும் வரிசையில் இருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது முன்மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடியே கேட்டாள்:

"எந்த நாட்டுக்குப் போறீங்கள்?"

"ஒரு எடமும் போகல," என்றார் தாய்.

"அப்ப ஏன் இந்த ஊசி?"

"என் மகனுக்கு அந்த நோய் வந்திச்சு."

அவள் இப்போது தலையை நிமிர்த்தினாள். "எந்த நாட்டிலை இருக்கிறார் மகன்?"

"கொட்டாஞ்சேனையில."

நாட்டின் பெயரைப் போடாவிட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாதாம். இலங்கை என்று போடச் சொன்னேன். பட்டியலில் இலங்கை இல்லை. பயணம் போகிற நாடுகள் மட்டும்தான் இருந்தன. வேறு என்று ஒரு தெரிவாவது உண்டா என்று கேட்டேன். இல்லை. மேலாளரிடம் கேட்கப் போனாள், மேலாளர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. என் பொறுமை அந்த இடத்தில் முடிந்தது.

"தங்கச்சி, உங்களுக்குப் போகப் பிடிச்ச நாடு எது?"

"எனக்கா?" என்றாள். கொஞ்சம் வெட்கப்பட்டாள். "நியூசிலாந்து."

"அதைப் போடுங்கோ."

அவள் என்னைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், பிறகு போட்டாள். கணினி அடுத்த பக்கத்துக்குப் போனது. ஐந்து நிமிடத்தில் ஊசி போட்டு முடிந்தது. மகள் கையைத் தேய்த்துக்கொண்டு வந்து, ரசீதில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, "அம்மா, நான் நியூசிலாந்துக்குப் போறேனாம்," என்றாள். அவ்வளவு நாளில் அந்தத் தாய் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு பஸ் தரிப்பிடத்தில் நின்று, பி வகை ஊசி எப்போதாவது இங்கே வருமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அதுதான் உண்மை.